ஆறு மணிச் சங்கு

அம்பத்தூர் எஸ்டேட்டில் எத்தனையோ கம்பெனிகள், எத்தனையோ சைரன்கள். ஆனால் கரண்ட் இல்லாமல், கம்ப்ரஸர் இல்லாமல், வெறும் தொண்டையால் ஒரு தெருவையே வீட்டுக்கு அனுப்பிவைத்த மனிதர் ஒரே ஒருவர்தான். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் சங்கு அண்ணன்.

பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். கடைசி ஊர்வலத்தில் ஊதுகிற சங்கு இல்லை இது. ஆவடியில் ராணுவ டேங்க் செய்கிற தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறும்போது அலறுகிற சைரனை அந்தப் பக்கத்து ஜனங்கள் சங்கு என்றுதான் சொல்வார்கள். அண்ணனின் அப்பா அங்கே ஃபிட்டர். அண்ணன் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். முதல் சங்குக்குப் பல் விளக்கி, அடுத்த சங்குக்குப் பள்ளிக்கூடம் போய், சாயங்காலச் சங்குக்கு வாசலுக்கு ஓடி நின்ற பிள்ளை.

"எங்க ஊட்ல கடிகாரம் இருந்துச்சு நைனா. ஆனா அத்த யாரும் பாக்க மாட்டாங்க. கல்யாணத்துக்கு வந்ததாச்சேன்னு மாட்டி வெச்சிருந்தாங்க" என்பார். "சாயந்தரம் சங்கு ஊதி, டீ கொதிக்கிறதுக்குள்ள லைனா சைக்கிளு வரும். ஒவ்வொரு ஊட்லயா 'அப்பா வந்துட்டாரு, அப்பா வந்துட்டாரு'ன்னு சத்தம் கேட்டுகினே வரும். எங்க ஏரியாவுக்கு அதான் ரேடியோ."

இப்படிச் சங்கைக் கேட்டே ரத்தம் ஊறிய மனிதர் வந்து சேர்ந்த இடம் எங்கள் ஆபீஸ். அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்த்து இன்ஷூரன்ஸுக்கு அனுப்புகிற வேலை. எஸ்டேட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மாடி. எங்கள் ஆபீஸில் சைரன் கிடையாது. மணி கூடக் கிடையாது. கம்ப்யூட்டரின் மூலையில் எலிப் புழுக்கை அளவுக்கு ஒரு நேரம் தெரியும், அவ்வளவுதான். அண்ணனால் அதைப் பொறுக்க முடியவில்லை. சேர்ந்த வாரமே ஒரு சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் வாய்க்கு அண்டை கொடுத்தார். அடிவயிற்றில் முனகலாகக் கிளம்பி, மேலே மேலே ஏறி, உச்சியில் போய்ச் சற்று நேரம் நடுங்கிக்கொண்டே நின்று, பிறகு மூட்டையை இழுத்துக்கொண்டு படியிறங்குவது போல மெதுவாகக் கீழே வந்தது ஒரு சத்தம். நாங்கள் எல்லாம் மேஜைக்கு அடியில் போவதா, படிக்கட்டுக்கு ஓடுவதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு, "இன்னா, ஊட்டுக்குப் போவலியா?" என்றார்.

மறுநாள் பக்கத்து லேத் பட்டறைக்காரர் மாடி ஏறி வந்தார். கையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் கோபம்.

"யாருப்பா இங்க சங்கு ஊதறது? எம் பசங்க அத்தினி பேரும் மெஷின ஆஃப் பண்ணிட்டு, கைய கழுவிகினு கெளம்பிட்டானுங்க. பாதி போல்ட்டு அப்படியே நிக்குது."

அண்ணன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு அண்ணாத்தே. மணி ஆறு ஆச்சா இல்லியா?"

"ஆச்சு."

"அப்ப நான் பொய் சொல்லல. உம் போல்ட்டுதான் லேட்டு."

பட்டறைக்காரர் உட்கார்ந்தார். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு பட்டறையிலும் ஆறு மணிச் சங்கு எங்கள் மாடியிலிருந்துதான்.

அப்பா ரிடையராகி குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது அண்ணன் வாடகைக்கு வீடு பார்த்த கதை ஆவடி புரோக்கர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிற கதை. தண்ணீர் வருமா என்று கேட்கவில்லை. மின்விசிறி ஓடுமா என்று பார்க்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் சாயங்காலம் வரை காத்திருந்து, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். கடைசியில் தொழிற்சாலை மதில் ஓரத்தில் ஒரு வீட்டைப் பிடித்தார். சங்கு ஊதினால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் அதிரும். "அட்வான்ஸே குடுக்கலாம்" என்று அங்கேயே தலையாட்டிவிட்டார். அண்ணி அன்றைக்கு ஆரம்பித்த தலையிலடித்தல் இன்னும் நிற்கவில்லை.

எங்கள் மேனேஜருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தோம், அஞ்சு நிமிஷம். எதையும் "அஞ்சே நிமிஷம்" என்றுதான் ஆரம்பிப்பார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலே இருந்தவர்கள் அவரிடம் என்ன கேட்டார்களோ, அதை எங்களிடம் இறக்கிவைப்பார். ஆனால் அவரும் பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறவர். அதனால் அவருடைய அஞ்சு நிமிஷம் ஆறு மணி பஸ்ஸோடு முடிந்துவிடும். இப்போது யோசித்தால் தெரிகிறது: வேலை முடிந்துவிட்டதென்று நாங்கள் ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை. பஸ் போய்விடுமே என்றுதான் போனோம்.

பிறகு ஒரு நாள், பஸ்ஸே இல்லாமல் போய்விட்டது.

ஊரடங்கு என்று சொல்லி, லேப்டாப்புகளை ஆளுக்கொன்றாகக் கட்டிக் கொடுத்து, இனி வீட்டிலிருந்தே வேலை என்றார்கள். சில வாரங்கள்தான் என்றார்கள். நாற்காலியில் தொங்கிய ஸ்வெட்டரைக்கூட எடுக்காமல் போனவர்கள் உண்டு. நான் வானகரத்தில் எங்கள் ஃப்ளாட் பால்கனியில், காய்கிற துணிகளுக்கு நடுவே கடை விரித்தேன். பைபாஸ் சத்தம் அடங்கி, எதிர் ஃப்ளாட் தாத்தாவின் இருமல் வரை துல்லியமாகக் கேட்ட நாட்கள் அவை.

முதல் நாள் காலை எல்லோரும் லாகின் செய்துவிட்டார்கள். சங்கு அண்ணனை மட்டும் காணோம். போன் போட்டேன்.

"அண்ணே, ஏன் இன்னும் வரல?"

"இன்னும் ஊதல நைனா."

"எது?"

"சங்கு. காலைலேந்து ஊதவே இல்ல. ரெடியாகி உக்காந்துகினு கீறேன்."

"அண்ணே, ஃபாக்டரியையும் மூடிட்டாங்க. அது எப்படி ஊதும்?"

"பார்டர்ல சண்ட நடந்தப்பகூட ஊதிச்சுப்பா" என்றார். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

அவர் வீட்டில் மேஜை கிடையாது. அண்ணியின் தையல் மெஷினை உள் அறைக்கு நகர்த்தி, அதன் பலகைமேல் லேப்டாப்பை வைத்தார். மெஷினைப் பறிகொடுத்த அண்ணி, தெருவுக்கெல்லாம் மாஸ்க் தைத்துத் தர ஒப்புக்கொண்டதைக் கையாலேயே தைத்தார். இதில் ஒரு சிக்கல். கீழே மிதி இருந்தால் கால் சும்மா இருக்குமா? மீட்டிங்கில் அண்ணன் பக்கமிருந்து தடதடவென்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும்.

அஞ்சு நிமிஷம் ஒரு நாள் கேட்டேவிட்டார். "நீங்க ட்ராவல்ல இருக்கீங்களா?"

நாட்டில் ஒரு ரயிலும் ஓடாத சமயம்.

"ஊட்லதான் சார் கீறேன். மூள வேல செய்யணும்னா காலு ஓடணும் போலகீது."

சிரித்துக்கொண்டிருந்தோம். அந்தச் சிரிப்பு கொஞ்ச நாள்தான். வேலை, தண்ணீர் புகுந்த வீடு மாதிரி எல்லா அறைக்கும் வந்துவிட்டது. அஞ்சு நிமிஷத்துக்கு இப்போது பிடிக்க வேண்டிய பஸ் இல்லை. அமெரிக்காவில் விடிகிற நேரம் நமக்குச் சாயங்காலம். அவர்கள் கூப்பிட, இவர் எங்களைக் கூப்பிட, சாப்பாட்டுத் தட்டோடு மீட்டிங், குழந்தையோடு மீட்டிங். எங்கள் குழுவில் சுகந்தி என்று ஒரு பெண், திருச்சிக்காரி, ஐயப்பன்தாங்கலில் வாடகை ஃப்ளாட். நடக்கப் பழகிய பிள்ளை ஒன்று அவளுக்கு. பிள்ளை கதவைத் தட்ட, அவள் பாத்ரூமுக்குள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பில் விவரம் சொல்லிக்கொண்டிருப்பாள். "அண்ணா, என் புள்ள என்னைய பாத்ரூம்ல வேலை பாக்கற அம்மான்னு நெனச்சிருக்கான்" என்பாள்.

ஒரு சாயங்காலம் அஞ்சு நிமிஷத்தின் அஞ்சு நிமிஷம் ஆரம்பித்து ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது. திரையில் பெட்டி பெட்டியாக எங்கள் முகங்கள், பழைய ரேஷன் கார்டு போட்டோக்கள் மாதிரி. அப்போது ஒரு பெட்டிக்குள் சங்கு அண்ணன் எழுந்து நின்றார். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. கைகளை வாய்க்கு அண்டை கொடுத்தார்.

ஊஊஊஊஊ...

அத்தனை வீடுகளின் ஸ்பீக்கரும் கரகரத்தது. முதலில் சிரித்தது சுகந்தியின் பிள்ளை. என் மனைவி உள்ளேயிருந்து, "அங்க என்னங்க ஆச்சு?" என்றாள்.

"யார் வீட்லயோ ஏதோ சத்தம். கொஞ்சம் ம்யூட் பண்ணுங்க" என்றார் அஞ்சு நிமிஷம்.

"சத்தம் இல்ல சார். மணி ஆறு."

"இப்ப எல்லாரும் வீட்லதானே இருக்கோம்?"

"அதான் சார் ப்ராப்ளமே. ஊட்லதான் கீறோம். ஊட்டுக்குப் போவ முடியல." சட்டென்று லேப்டாப் பக்கம் குனிந்தார். "டேங்க்கே அஞ்சு மணிக்கு நிக்குது சார். நம்ம பில்லு ஆறு மணிக்கு நிக்கக் கூடாதா?"

அன்றைக்கு எல்லோரும் எழுந்துவிட்டோம்.

அதிலிருந்து தினமும் ஊதினார். என் மனைவி அந்தச் சத்தத்துக்குத்தான் டீக்குப் பால் வைப்பாள். சுகந்தியின் ஃப்ளாட்டில் மேல் மாடிக்காரர்கள், "உங்க ஆபீஸ் சங்கு ஊதிடுச்சா?" என்று கேட்டு மொட்டை மாடிக்குக் கிளம்புவார்களாம். அண்ணன் தெருவில்தான் வினை. அங்கே எல்லாம் தொழிற்சாலைக் குடும்பங்கள். ரிடையராக ஒரு வருஷம் பாக்கியிருந்த வெல்டர் ஒருவர், சங்கு கேட்டதும் ஃபாக்டரி திறந்து நைட் ஷிஃப்ட் ஆரம்பித்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டு, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சைக்கிளைத் துடைத்து எடுத்துக் கிளம்பியிருக்கிறார். தெருமுனையில் தகரம் அடித்திருந்த இடத்தில் போலீஸ்காரர் நிறுத்தினார்.

"எங்க கெளம்பிட்ட?"

"சங்கு ஊதிச்சே சார்."

"எனக்குக் கேக்கலியே."

"உங்களுக்கு எப்படி சார் கேக்கும், நீங்க ஸ்டேட்டு. இது சென்ட்ரல் கவர்மென்ட்டு சங்கு."

அண்ணன் ஓடிப்போய் அவரை அழைத்துவந்தார். அடுத்த நாளிலிருந்து ஜன்னலைச் சாத்திவிட்டு ஊதினார்.

பிறகு ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தார்கள். ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் இன்னார் வெளியேறினார் என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான், ஒரு ஆள் இல்லை. ஏன் என்று கேட்கப் பக்கத்து நாற்காலியும் இல்லை. அந்த வரி வருகிற நாளெல்லாம் அவரவர் வீட்டில் அவரவர் வாயைப் பொத்திக்கொண்டு வேலை பார்த்தோம்.

ஒரு வாரம் சங்கு ஊதவில்லை. ஆறு மணி ஆகும், அண்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்வார், தண்ணீர் குடிப்பார், உட்கார்ந்தே இருப்பார். போனில் கேட்டேன்.

"சாரு கூப்ட்டாரு நைனா. அடுத்த பேரு உன்துதான்னு மேல பேசிக்கிறாங்க, அந்த ஊதற வேலைய உட்டுடுன்னு சொன்னாரு. பாவம், அவரும் பயந்துகினுதான் கீறாரு. ரெண்டு பொண்ணு கீது எனக்கு. ஒரே செல்லுல ரெண்டும் கிளாஸ் படிக்குதுங்க."

எங்கள் டீம் லீடர் வேலையை விட்டுப் போனதும் அதே வாரத்தில்தான். எல்லா பில்லும் தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான். அந்த இடத்துக்கு அவரையே கேட்டார்கள். ஒப்புக்கொண்டார். எனக்கு ஆச்சரியம். பதவியென்றால் பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிப் போகிற மனிதர் அவர்.

"ஏண்ணே ஒத்துக்கிட்டீங்க?"

"லீடே ஊதினா எவன் கேப்பான்?" என்று சிரித்தார்.

மறுநாள் ஆறு மணிக்கு ஊதினார். ஜன்னலைத் திறந்துவைத்தே ஊதினார். அஞ்சு நிமிஷம் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். குழுவில் கைதட்டல் பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினோம். அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு சாயங்காலம் கிடைத்தது. சுகந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் காற்று வாங்கினாள். நான் மனைவியோடு தாயம் ஆடித் தோற்றேன். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் நேற்று விட்டுப்போன பில் ஒன்றுகூட நிலுவையில் இருக்காது. அமெரிக்காக்காரர்கள் புதிதாக ஏதோ ஏற்பாடு செய்திருக்கிறார்கள் போல என்று பேசிக்கொண்டோம். நல்ல ஏற்பாடு என்றும் சொல்லிக்கொண்டோம்.

அண்ணன் முகம் மட்டும் திரையில் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வந்தது. அவர் வீட்டு பல்பு பழசு என்று நினைத்தேன். பேச்சிலும் பழைய சரக்கு இல்லை. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு நாலு வாசகமாவது அவர் வாயிலிருந்து உதிரும், நான் பொறுக்கிவைத்துக்கொள்வேன். இப்போது "சரி", "பாக்கலாம்" இரண்டுதான். தடதட சத்தமும் நின்றுபோயிருந்தது.

ஒரு மத்தியானம் அண்ணி போன் செய்தார். அவர் என்னிடம் பேசுவதே அபூர்வம்.

"தம்பி, உங்க ஆபீஸ்ல எல்லாரும் எத்தினி மணிக்கு வேலைய முடிச்சுட்டு எழுந்துக்கிறீங்க?"

"ஆறுக்கு அண்ணி. அண்ணன்தான் ஊதுவாரே."

"ஊதறாரு. ஊதிட்டு மறுபடி கதவ சாத்திக்கிறாரு."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

"நீங்கல்லாம் உட்டுட்டுப் போறத இவருதான் முடிச்சிகினு கீறாரு. அதுதான் அந்த சாருக்கும் இவருக்கும் பேச்சு. நீ ஊதிக்க, ஆனா காலைல ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாதுன்னு. எப்ப படுக்கறாரு, எப்ப எழுந்துக்கறாருன்னு எனக்கே தெரியல. சோறு வெச்சா அப்படியே காயுது. சின்னது இன்னா கேக்குது தெரியுமா? அப்பா ஆபீஸ்லேந்து எப்பம்மா வருவாருன்னு கேக்குது. நடுவுல ஒரு கதவுதான் தம்பி கீது."

பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் சொன்னா கேக்க மாட்டாரு. பொண்ணுங்க சொன்னாலும் கேக்க மாட்டாரு. சங்கு சொன்னா கேப்பாரு. அந்த ஃபாக்டரி சங்கு என்னாத்துக்கோ இன்னும் ஊதல. நீங்க யாராச்சும் ஒருவாட்டி ஊதி உடுங்க தம்பி."

சுகந்தியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு ஏற்பாட்டில் இறங்கினாள். "சும்மா ஊதினா பத்தாதுண்ணா. நாம விட்ட பில்லை மறுநாள் நாமதான் பாப்போம்னு மொதல்ல பேசிக்குவோம். அப்புறம் ஊதுவோம்." ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினாள். ஒருவரும் மறுக்கவில்லை.

அடுத்த நாள் ஆறு மணிக்கு அண்ணன் வழக்கம்போல ஊதினார். குரல் உச்சிக்குப் போகாமல் பாதியிலேயே இறங்கியது. "கெளம்புங்க" என்றார். கிளம்புவது போல எல்லோரும் வெளியேறினோம். டீ குடிக்கிற நேரம் விட்டு, திரும்ப மீட்டிங்குக்குள் நுழைந்தோம். உள்ளே அண்ணன், அஞ்சு நிமிஷம், கூடவே ஒரு அமெரிக்கர். அமெரிக்கர் இருப்பார் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் வந்தாகிவிட்டது. பெட்டி பெட்டியாக எங்கள் முகங்கள் முளைப்பதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

சுகந்தி கையை உயர்த்தினாள். ஆரம்பித்தோம்.

அவள் பிள்ளை திருவிழாப் பீப்பி ஒன்றை ஊதினான். ஒருவர் மிதிவண்டி ஹாரனை அமுக்கினார். என் மனைவி குக்கரை அடுப்பிலிருந்து நேராகப் பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு வந்து, லேப்டாப் பக்கத்தில் வைத்து விசில் விட்டாள். நான் என் தொண்டையால் ஊதினேன். வயிற்றுவலி வந்த எருமை அதைவிட இனிமையாகக் கத்தியிருக்கும். மொத்தமாகச் சேர்ந்து கேட்டபோது ஆலைச் சங்குக்குத் தூரத்துச் சொந்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் நிறுத்தவில்லை.

அமெரிக்கர் பயந்துவிட்டார். என்ன ஆயிற்று, தீ பிடித்துவிட்டதா என்று கேட்டார்.

அஞ்சு நிமிஷத்தின் வாயில் கையில் கிடைத்த பொய் வந்தது. "இல்லை சார், ஃபயர் ட்ரில்" என்றார்.

ஆளுக்கொரு வீட்டில் இருக்கும்போது என்ன ஃபயர் ட்ரில் என்று அந்த நல்ல மனிதர் யோசிக்கவில்லை. ஒழுங்கென்றால் ஒழுங்கு அவருக்கு. அப்படியென்றால் ஏன் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறீர்கள், உடனே எழுந்து அறையைவிட்டு வெளியே போங்கள், மற்றதை நாளைக்குப் பேசலாம் என்று அதட்டினார்.

அஞ்சு நிமிஷம் எங்களைப் பார்த்தார். பிறகு, "போங்க" என்றார். அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

சங்கு அண்ணன் அசையவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுகந்தி, "அண்ணா, மணி ஆயிடுச்சு. மிச்சத்தை நாளைக்கு நாங்க பாத்துக்கறோம். வீட்டுக்குப் போங்க" என்றாள்.

எழுந்தார். அதே இஸ்திரி போட்ட சட்டை, அதே லுங்கி. பழக்கதோஷத்தில், இல்லாத சாப்பாட்டுக் கூடையை எடுக்கக் கை ஒருமுறை பக்கத்தில் துழாவியது. பிறகு திரும்பி நடந்தார். லேப்டாப்பை மூட மறந்துவிட்டார். காலி நாற்காலியும், அதற்குப் பின்னால் கதவு திறப்பதும் தெரிந்தன. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சின்னப் பெண்ணின் குரல் எல்லா வீடுகளின் ஸ்பீக்கரிலும் ஒரே சமயத்தில் கேட்டது.

"அம்மா, அப்பா வந்துட்டாரு."

என் பக்கத்தில் குக்கர் மட்டும் அடங்கிக்கொண்டிருந்தது. அஞ்சு நிமிஷத்தின் பெட்டி இருண்டு போயிற்று. அவருக்கும் வீடு இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. பிறகு லேப்டாப்பில் புதிதாக ஒன்றை ஏற்றினார்கள். நாம் கொஞ்ச நேரம் விசையைத் தொடாவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரியும். அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் தினமும் ஆறு மணியிலிருந்து மஞ்சள்தான். தொழிற்சாலைச் சங்கு அதற்குள் மறுபடியும் ஊத ஆரம்பித்திருந்தது. டம்ளர்கள் அதிருவதாகக் குதூகலமாகச் சொல்லியிருந்தார். ஒரு நாள் முற்பகல், நான் பில் ஒன்றில் மூழ்கியிருந்தபோது, வாட்ஸ்அப் குழுவில் அந்த ஒற்றை வரி வந்தது. இந்த முறை அவர் பெயரோடு.

போன் செய்தேன்.

"வேலைய உட்டுடறேன்னு எழுதிக் குடுன்னாங்க நைனா. குடுத்துட்டேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொன்னா நீங்கல்லாம் திரும்ப குக்கரத் தூக்கிகினு வருவீங்க. உங்க பேருக்கும் வெளக்கு எரியும். வாணாம்பா."

எங்கள் ஆபீஸில் ஒருவர் விலகிப் போனால் ஒரு முறை உண்டு. கேக் வெட்டுவோம். எல்லோரும் சேர்ந்து ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுப்போம். தண்ணீர் கேன் பக்கத்தில் நெருக்கியடித்து நின்று போட்டோ எடுப்போம். அண்ணனுக்குக் கடிகாரம் கொடுப்பதைப் பற்றி எத்தனையோ முறை கிண்டல் செய்து சிரித்திருக்கிறோம். அவருக்கு அதுவும் இல்லை. லேப்டாப்பை வாங்கிப் போக கூரியர்க்காரர் ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்தாராம்.

"கையெழுத்து வாங்கிகினு, பொட்டில போட்டு டேப் ஒட்டிகினு கெளம்பிட்டாரு. நில்லு நைனான்னு உக்கார வெச்சு டீ குடுத்தேன். ஆபீஸ்லேந்து வந்த ஒரே ஆளு அவருதானே."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

சில வாரங்கள் என்று சொன்னது இன்னும் முடியவில்லை. எஸ்டேட் கட்டடத்தைக் காலி செய்து கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்தது அந்த லேப்டாப் கட்டிய நாளோடு சரி. போன மாதம் அந்தப் பக்கம் போனேன். மாடி பூட்டியிருந்தது. லேத் பட்டறைக்காரர் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார்.

"அந்த சங்கு எங்கப்பா இப்ப?"

"பொண்டாட்டி ஊரு பக்கம் போயிட்டாருன்னு சொன்னாங்கண்ணா. அரக்கோணத்துக்கு அந்தாண்ட. பழைய நம்பர்ல கெடைக்கல."

"ஆறு மணி ஆறது தெரிய மாட்டேங்குதுப்பா" என்றார் அவர், கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே. "பசங்க பாட்டுக்கு நின்னுகினு கீறானுங்க. நானும் நின்னுகினு கீறேன்."

மதில் ஓரத்து வீட்டுக்கும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். வேறு குடும்பம் இருந்தது. சங்குச் சத்தம் தாங்க முடியவில்லை, வேறு வீடு பார்க்கிறோம் என்று அந்த அம்மாள் சொன்னார்.

என் பால்கனி அப்படியேதான் இருக்கிறது. ஆறு மணி ஆனதும் லேப்டாப்பை மூடிவிட்டு, கைகளை வாய்க்கு அண்டை கொடுத்து, எதிர் ஃப்ளாட்டுக்குக் கேட்காதபடி ஊதிக்கொள்கிறேன். அண்ணன் எந்த ஊரில் எந்த நாற்காலியில் இருந்தாலும் இந்நேரம் எழுந்திருப்பார் என்று ஒரு நம்பிக்கை. பால் பொங்குகிற வாசனைக்கு நடுவிலிருந்து என் மனைவி, "வந்துட்டீங்களா?" என்கிறாள்.

"வந்துட்டேன்" என்கிறேன், அவருக்கும் சேர்த்து.